சொந்தப் பேர் ஒன்று, கூப்பிடுற பேர் ஒன்று: பிள்ளைக்குப் பெயர் வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் படிப்பித்தவள் நான். தினமும் காலையில் இடாப்பைப் பார்த்துப் பிள்ளைகளின் பெயர்களைக் கூப்பிட்ட வாய் இது. அதனாலோ என்னவோ, ஊரில் ஒரு பிள்ளை பிறந்தால் யாராவது கொப்பித் தாளில் நாலைந்து பெயர்களை எழுதிக்கொண்டு படலையைத் திறந்து வந்துவிடுகிறார்கள். "டீச்சர், இதில எது நல்லா இருக்கு?" கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றுதான். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இனி வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுத்தால் போதும்.

எத்தனை நாளுக்குள் பெயரை முடிவு செய்ய வேண்டும்?

வீட்டுக் கணக்கு ஒன்று, பதிவுக் கந்தோர்க் கணக்கு ஒன்று. வீட்டுக் கணக்குப்படி 31 ஆம் நாள். அன்று துடக்குக் கழித்து, பிள்ளைக்கு முடி இறக்கி, காதுக்குள் பெயரைச் சொல்வார்கள். கந்தோர்க் கணக்குப்படி, பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். 3 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பதியலாம். அதற்குப் பிறகு அலைச்சல் கூடும்.

31 இற்கும் 42 இற்கும் நடுவில் உள்ள பதினொரு நாளில்தான் யாழ்ப்பாணத்து வீடுகளில் பாதிச் சண்டை நடக்கிறது. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டுப் பெயரைப் பிறகு சேர்க்கவும் வழி இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில், "பிறகு பார்ப்பம்" என்று விட்ட வீடுகளில் பிள்ளை ஆறு மாதத்திலேயே "குஞ்சு" ஆகிவிடுகிறது. அதன் பிறகு என்ன பெயர் எழுதினாலும் அது தாளில் மட்டும் இருக்கும்.

நட்சத்திர எழுத்தில்தான் தொடங்க வேண்டுமா?

நம்பிக்கை இருந்தால் வையுங்கள். ஆனால் எந்தப் பஞ்சாங்கம் என்பதை முதலில் வீட்டுக்குள் பேசி முடியுங்கள். எங்கள் ஊரில் கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கம் பார்க்கிற வீடும் உண்டு, மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம் பார்க்கிற வீடும் உண்டு. இரண்டிலும் கணிக்கிற முறை வேறு. நட்சத்திரம் மாறுகிற நேரத்தை ஒட்டிப் பிறந்த பிள்ளைக்கு ஒன்றில் ஒரு நட்சத்திரமும் மற்றதில் அடுத்த நட்சத்திரமும் வரக்கூடும். தாய் வீடு வாக்கியம், தகப்பன் வீடு திருக்கணிதம் என்றால் பிள்ளை பாவம்.

கார்த்திகை என்றால் அ, இ, உ, எ. அதிட்டம்தான், தமிழ்ப் பெயர் கொட்டிக் கிடக்கிறது. ஆயிலியம் என்றால் டி, டு, டே, டோ. தமிழில் 'ட' சொல்லுக்கு முதலில் வராது. என் இடாப்பில் தினேஸ், திலீபன் என்று இருந்திருக்க வேண்டியவர்கள் எத்தனையோ பேர் டினேசாகவும் டிலீபனாகவும் வந்து நின்றதற்கு இந்த எழுத்துத்தான் காரணமோ என்று நினைப்பேன். வழி ஒன்று உண்டு. குறிப்பில் எழுத ஒரு பெயரும் பதிவுக்கு ஒரு பெயரும் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஆட்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள், சாத்திரியாரும் கோபிக்கமாட்டார்.

எண் சாத்திரப்படி இன்னொரு எழுத்துச் சேர்க்கச் சொல்கிறார்களே?

ஆங்கில எழுத்துக்குத்தானே அந்தக் கணக்கு? ஏ என்றால் 1, எச் என்றால் 5, இப்படி 8 வரை. 9 இற்கு எந்த எழுத்தும் கிடையாது. கூட்டுத்தொகை பிடிக்கவில்லை என்றால் நடுவில் ஒரு ஏயோ எச்சோ போடுவார்கள். காதில் விழும் பெயர் மாறாது. பிள்ளைதான் வாழ்நாள் முழுக்க, "எனக்கு ரெண்டு ஏ வரும்" என்று ஒவ்வொரு கவுண்டரிலும் சொல்லித் திரிய வேண்டும்.

பேரனின் பெயரை வைத்தால் என்ன?

நல்ல வழக்கம். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதானே. யாழ்ப்பாணத்தில் இன்னும் ஒரு வேடிக்கை: இங்கே பாட்டனையும் பேரன் என்றுதான் சொல்வோம். "அவன்ர பேரன்ர காணி" என்றால் பாட்டன் விட்டுப்போன காணி. பெயரைக் கொடுத்தவரும் பேரன், வாங்கினவனும் பேரன்.

சிக்கல் எங்கே என்றால், மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லமாட்டாள். "கந்தையா, சாப்பிட வாடா" என்று கூப்பிடவோ, அதே பெயரைச் சொல்லி நாலு பேச்சுப் பேசவோ அவளுக்கு வாய் வராது. ஆகவே முதல் நாளே ஒரு கூப்பிடுற பேர் பிறந்துவிடும். கந்தையா பதிவில் இருப்பார், முற்றத்தில் விளையாடுகிறவன் ராசன். இது தெரிந்தே வைத்தால் பிழையில்லை. பழைய பெயரைப் பாதியாக எடுப்பதும் நன்றாக வரும். கணபதிப்பிள்ளையிலிருந்து ஒரு கணபதி, அன்னலட்சுமியிலிருந்து ஒரு அன்னம்.

யுத்தத்தில் இல்லாமல் போன தம்பியின் பெயரை மகனுக்கு வைக்க அம்மா ஆசைப்படுகிறா. வைக்கலாமா?

இதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி வைத்தார்கள். கேட்டதே அம்மம்மாதான். துடக்குக் கழிவன்று காதில் பெயரைச் சொல்லும்போது அவதான் பிள்ளையை மடியில் வைத்திருந்தா. அன்றைக்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பெயரை அவ சொல்லவில்லை. "அப்பன்" என்றுதான் கூப்பிட்டா. மெல்ல மெல்ல வீடு முழுக்க அப்பன். பையன் முதலாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது, இடாப்பில் பெயரைக் கூப்பிட்டேன், அவன் பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வைப்பதற்கு முன் ஒரு கிழமை, வீட்டில் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பாருங்கள். அம்மாவின் குரல் உடைந்தால் அதை இரண்டாவது பெயராக வையுங்கள். பத்திரத்தில் இருக்கும், நினைவுக்கு நினைவு. பிள்ளைக்கு ஓடி விளையாட வேறொரு பெயர் கிடைக்கும்.

'ஷ' வா 'ச' வா?

எதுவானாலும் ஒன்றையே எழுதுங்கள். பிறப்புப் பத்திரத்தில் தர்ஷிகா, பள்ளிக்கூடத்தில் தர்சிகா, வங்கிப் புத்தகத்தில் தர்க்ஷிகா. மூன்றும் ஒரே பிள்ளை. இதை நிறுவ சமாதான நீதவானிடம் போய் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். சாதாரணதரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற வருடம் என் மேசைக்கு முன்னால் இப்படித் தாய்மார் வரிசையாக நிற்பார்கள். என் மகனின் பெயரிலேயே ஒரு கந்தோரில் 'ந' வை 'ன' ஆக்கிவிட்டார்கள். நான் அங்கேயே வாசித்துப் பார்க்காமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். தமிழ் டீச்சர்! திருத்துவதற்கு எட்டு மாதம். ஆகவே கையெழுத்து வைப்பதற்கு முன் எழுத்தெழுத்தாகச் சத்தமாக வாசியுங்கள். பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அதே நாளில் முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். தகப்பன் ஒரு மாதிரியும் தாய் ஒரு மாதிரியும் எழுதிக்கொண்டிருந்தால் கடவுச்சீட்டு எடுக்கும்போது விளங்கும்.

அண்ணா குடும்பம் கனடாவில். அங்கே வெள்ளைக்காரருக்கு வாயில் வருகிற பெயராக வைக்கச் சொல்கிறார். உங்கள் கருத்து?

பிள்ளை இங்கே பிறந்து இங்கே வளரப் போகிறது என்றால் அண்ணாவின் கவலை உங்களுக்கு எதற்கு? அங்கே போகிற பிள்ளை என்றால் இரண்டு விடயம் யோசியுங்கள். ஒன்று 'ழ'. யாழினி என்ற பெயர் இடையில் ஆங்கிலத்துக்குப் போய் வந்தால் யாலினி. மற்றது பெயர் வரிசை. நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் எழுதுவோம், குடும்பப் பெயர் என்று ஒன்று எங்களிடம் இல்லை. அங்கே ஒரு பெயர் குடும்பப் பெயர் ஆகவேண்டும். ஒரு கண் மூடி முழிப்பதற்குள் அப்பப்பா அந்தக் குடும்பத்துக்கே பெயராகிவிடுவார், சில வீடுகளில் மருமகளுக்கும். கிரிக்கெட் பார்த்த உலகத்துக்கு முத்தையா முரளிதரன் தெரியும். முத்தையா தகப்பனின் பெயர். கடைசியில் உலகமே கூப்பிட்டது முரளி. மூன்றெழுத்துக்குச் சுருங்கக்கூடிய பெயராக வைத்தால் எந்த நாட்டுக்காரனுக்கும் நாக்குப் புரளும்.

பிறமொழிப் பெயர் வைப்பது இந்தக் காலத்து மோகம்தானே?

இல்லை. 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசன் செமினரி தொடங்கிய காலத்தில், மாணவனின் செலவைப் பொறுத்த அமெரிக்கரின் பெயரையே மாணவனுக்கு வைத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் என்று பேரெடுத்த இருவரும் எங்கள் ஆட்கள். அவர்களில் ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. குருநகர், பாஷையூர்ப் பக்கம் போனால் சவரிமுத்து, பஸ்தியாம்பிள்ளை, நீக்கிலாப்பிள்ளை. ரோமாபுரியிலிருந்து வந்த புனிதருக்கே ஒரு 'பிள்ளை' போட்டு எங்கள் ஆளாக்கிய ஊர் இது. பெயர் எங்கிருந்து வந்தாலும் அம்மம்மாவின் வாயில் நிற்குமா என்று மட்டும் பாருங்கள்.

இந்தப் பெயருக்குப் பட்டப்பெயர் வருமா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா?

பாதி கண்டுபிடிக்கலாம். பத்து வயதுப் பெடியன் ஒருவனிடம் பெயரைச் சொல்லுங்கள், அரை நிமிடத்தில் பட்டத்தோடு வருவான். கஜன் என்றால் கச்சான். காண்டீபன் என்றால் காண்டாமிருகம். நந்தினியைப் பாதியில் நிறுத்தினால் நந்தி. துவாரகாவுக்குத் துவாரம். நரேனுக்கு என்ன வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதோடு படலையடியில் நின்று, ஒழுங்கையின் அந்தம் வரை கேட்கிற மாதிரி ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். தொண்டை அடைக்காமல் வர வேண்டும். அண்ணன் நிரோஷன், தங்கச்சி நிரோஷா, கடைக்குட்டி நிரோஷினி என்று வைத்த வீட்டில் தாய் கூப்பிட்டால் மூன்றும் வரும், அல்லது ஒன்றும் வராது.

மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு பாதுகாப்பான பெயரானாலும் பட்டம் தெளிக்கிறவன் தெளிப்பான். சிவா என்ற பையனை அவன் கொண்டுவரும் சாப்பாட்டை வைத்து "இடியப்பம்" என்றார்கள். சிவாவில் என்ன பிழை?

வீட்டுப் பெயரே வேண்டாம் என்று நினைக்கிறோம். முடியுமா?

முடியாது. பச்சைப் பிள்ளையைப் பார்த்து "மகிழ்வதனன்" என்று யாரும் கொஞ்சமாட்டார்கள். குஞ்சு, ராசாத்தி, செல்லம், அப்பன், பபா என்று ஏதோ ஒன்று வாயில் வரும். முதல் மூன்று மாதத்தில் யார் அதிகம் தூக்குகிறார்களோ அவர்களுடைய சொல்தான் ஒட்டும். நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றே ஒன்று: பதிவுப் பெயருக்கு எவ்வளவு மினைக்கெடுகிறீர்களோ அதில் பாதியாவது கூப்பிடுற பேருக்கு மினைக்கெடுங்கள். ஊர் வாயில் வருகிற பட்டம் வருடத்தில் ஒன்று போய் ஒன்று வரும். வீட்டில் வைத்தது போகாது. பதிவுப் பெயரிலிருந்தே ஒரு துண்டை எடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே எல்லோரும் அதையே சொல்லத் தொடங்குங்கள். மகிழ்வதனனுக்கு மகிழ். முடிந்தது.

நாங்கள் வைத்த பெயர் மாமிக்குப் பிடிக்கவில்லை. அவ வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறா.

அவ கூப்பிடுகிற பெயர் நல்லதா? ஒருவர் மட்டும்தான் கூப்பிடுகிறாவா? விடுங்கள். தனக்கென்று ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடும் அப்பம்மா ஒருத்தி இருப்பது பிள்ளைக்கு நட்டமில்லை. நட்டம் எப்போது என்றால், "உன்ர கொம்மா வைச்ச பேர் விளங்காத பேர்" என்று பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லும்போது. அதைக் கணவர்தான் தன் தாயோடு பேச வேண்டும். மருமகள் பேசினால் கதை பெயரை விட்டு எங்கேயோ போய்விடும்.

பள்ளிக்கூடத்தில் மகனுக்குப் பட்டம் தெளிக்கிறார்கள். அழுகிறான். என்ன செய்வது?

இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும், என் பிழையும் அதில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு. பனை பற்றிய பாடம். பனையிலிருந்து என்னென்ன கிடைக்கும் என்று கேட்டேன். ஒடியல், புளுக்கொடியல், பனங்கட்டி என்று வரிசையாகச் சொன்னார்கள். "பனாட்டு" என்று ஒருத்தி சொன்னதும் பின்வாங்கிலிலிருந்து ஒருவன், "பானுஜன், பனாட்டு!" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். டீச்சரே சிரித்த பிறகு அதற்கு முத்திரை குத்தியாயிற்று. இடைவேளைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பனாட்டு.

பானுஜன் அழவில்லை, முறையிடவில்லை. கை உயர்த்துவதை நிறுத்தினான். தவணை முடிவில் கொப்பிகளைத் திருத்தும்போது பார்த்தேன்: அட்டையில் பெயர் எழுதுகிற கோட்டை வெறுமையாக விட்டிருந்தான். கணிதக் கொப்பி, சுற்றாடல் கொப்பி, எல்லாவற்றிலும்.

அதன் பிறகு நான் வகுப்புக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. வைத்தால் தெரியாதவனுக்கும் தெரியவரும். தொடக்கிவைத்தவனையும் அவனுடைய கூட்டாளியையும் தனியே கூப்பிட்டு, "நானும் சிரிச்சனான், அது பிழை. நீங்கள் ரெண்டு பேரும் நிப்பாட்டினால் மற்றவை நிப்பாட்டுவினம்" என்றேன். பானுஜனை ஒவ்வொரு நாளும் ஏதாவது வேலைக்கு முழுப் பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டேன். கொப்பி கொடுக்க, வெண்கட்டி எடுக்க. அடுத்த தவணை அது தேய்ந்து போய்விட்டது. முழுதாக இல்லை, பெருமளவு.

ஆகவே பெற்றோருக்கு: பட்டம் சொன்ன பிள்ளையின் வீட்டுப் படலையில் போய் நின்று சத்தம் போடாதீர்கள், பட்டத்துக்கு அது விளம்பரம். வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். மகனுக்கு, அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழக்குங்கள். கோபத்துக்குத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள். வகுப்பில் ஒரு கூட்டாளியாவது அவனைச் சொந்தப் பெயரால் கூப்பிட்டால் பாதிப் பாரம் குறையும். ஆனால் அடிதடி, சாமான் பறித்தல், போன் குழுக்களில் படம் போட்டுப் பகிடி பண்ணுவது என்று போனால் பொறுமை வேண்டாம், நேரே அதிபரிடம் போங்கள், எழுத்தில் கொடுங்கள்.

பட்டம் எல்லாமே கெட்டதா?

இல்லையே. நவாலியூர் சோமசுந்தரப் புலவரை (1878–1953) ஊர் தங்கத் தாத்தா என்றது. ஆறுமுகம் என்ற பெயரோடு 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த 'நாவலர்' பட்டம் சேர்ந்து, இன்று நாவலர் என்றாலே அவர்தான். அரசியல்வாதி பொன்னம்பலம் பெயரின் முதலெழுத்துகளால் ஜீ.ஜீ. ஆனார். இவை முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவை. நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளை அதே ஊர் "விசர்ச் செல்லப்பர்" என்றும் சொன்னது. அவர் அதைப் பொருட்படுத்தாதது அவருடைய பெரிய மனது, சொன்னவர்களுக்கு அதில் பெருமை இல்லை. ஓவசியர் வீடு, கிளாக்கர் வீடு, மலாயன் பென்சனியர் வீடு என்று தொழிலால் வருகிறவை முகவரி மாதிரி. அவற்றோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

கறுவல், சொத்தி, கட்டையன், குண்டன் என்பவை வேறு. நிறத்தையும் உடம்பையும் சொல்கிறவை. சாதியைத் தொட்டு வருபவை அதைவிட மோசம். "நாங்கள் அன்பாத்தான் சொல்றம்" என்பார்கள், வீட்டுக்காரரே சொல்வார்கள். தன் பெட்டைக்குட்டியை "கறுப்பி" என்று கொஞ்சுகிற தாய்க்கு, பதினைந்து வயதில் அவள் ஏன் கண்ணாடிக்கு முன்னால் பூச்சுக் குப்பிகளோடு நிற்கிறாள் என்பது விளங்குவதில்லை. இந்த வகைக்கு முதல் தடவையிலேயே "வேண்டாம்" என்று சொல்லுங்கள், சொல்பவர் பெரியப்பா என்றாலும்.

வைத்த பெயரை மாற்ற வேண்டுமென்றால்?

பதிவில் பெயரைச் சேர்க்கவும் மாற்றவும் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு இடம் தருகிறது. பிள்ளை சின்னதாக இருக்கும்போது பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன் செய்துவிட்டால் மற்றப் பத்திரங்களைத் திருத்தி அலைய வேண்டாம்.

வளர்ந்த பிறகு வீட்டுப் பெயரைக் கழற்ற முடியுமா? வேலைக்குப் போகிறேன், இன்னும் "சூட்டி" என்கிறார்கள்.

புது இடத்தில் முடியும். முதல் நாளே சொந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள், வீட்டாரை அந்தப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள். ஊருக்குள் கழற்றுவது கஷ்டம். எனக்கு ஐந்து எழுத்தில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது, அப்பா தேவாரத்திலிருந்து எடுத்தது. வயது அறுபத்தொன்று. வங்கியில் என் பெயரைக் கூப்பிட்டபோது பக்கத்துக் கதிரையில் இருந்த சொந்த மச்சாள், "ஆரடி அது?" என்று என்னிடமே கேட்டாள். ஊருக்கு நான் பபாக்கா.

ஒருகாலத்தில் மகனிடம் சொல்லி வைத்திருந்தேன், என் மரண அறிவித்தலில் மட்டும் அந்தப் பெயர் வரக்கூடாது என்று. எங்கள் பத்திரிகைகளில் தெரியும்தானே, சொந்தப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் குஞ்சு, ராசன், கிளி என்று போடுவார்கள். போன மாதம் அவன் கேட்டான்: "அம்மா, பபா எண்டு போடாட்டில் ஆர் வருவினம்?" யோசித்துப் பார்த்தேன். போடச் சொல்லிவிட்டேன். ஆனால் சின்ன எழுத்தில்.